‘தெரிந்துகொண்டேன்’ பொத்தான்

நோயாளிகளை வீட்டு வாசலிலிருந்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சிகிச்சை முடிந்ததும் திரும்ப வாசலிலேயே இறக்கிவிடுவதற்கென்று ஒரு வாரியம் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்துவைத்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றியது இந்தக் கதை என்பதால், புண்ணியம் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

வாரியத்தின் வெள்ளை வேன் வாரத்துக்கு மூன்று நாள் காலையில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் வீட்டு வழியாகப் போகும். மெக்கானிக்கின் மாமியார் வெளியே போகிற உடையோடு, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். டிரைவர் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்குவார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"நல்லா இருந்தா உன் வண்டிக்கு எதுக்குப்பா உக்காந்திருக்கேன்?"

டிரைவர் சங்கடமாகச் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போவார். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய பள்ளத்தின் முன்னால் வேனை நிறுத்தி ஹாரன் அடிப்பார். பள்ளத்திலிருந்து யாரும் ஏறி வரமாட்டார்கள். 'பயனாளி வரவில்லை' என்று தன் போனில் அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

அந்தப் பள்ளம்தான் இவர்கள் முன்பு குடியிருந்த வீடு. வீட்டுக்காரர் அதை இடித்து மாடி மாடியாகக் கட்டப் போகிறார். ஆகவே மெக்கானிக்கும், அவர் மனைவியும், மாமியாரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே வேறு வீடு பார்த்து வந்துவிட்டார்கள். மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் விடிவதற்கு முன்பே வேலை. எனவே மாமியாரைக் கவனிப்பது மருமகன் பொறுப்பாயிற்று. இருவருக்கும் வாய்ச் சண்டை ஓயாது. ஒருவரில்லாமல் இன்னொருவருக்குச் சாப்பாடும் இறங்காது.

மாமியாரின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று முறை ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்தால்தான் உயிர். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் படுத்தால் மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மெக்கானிக் பொறுப்பில்லாதவர் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. வீடு மாறிய அன்றே, சாமான்களைக்கூடப் பிரிக்காமல், வாரியத்தின் இணையப் படிவத்தில் புது முகவரியை நிரப்பிவிட்டார். உடனே பதில் வந்தது: 'நன்றி! உங்கள் மாற்றம் பெறப்பட்டது. சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தெரிவிக்கப்பட்டது.' காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று அவர் மாமியாரிடம் பெருமையாகக் காட்டினார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சா?" என்றார் மாமியார்.

"எல்லாருக்கும்."

"அப்ப உருப்பட்ட மாதிரிதான்."

அன்று முதல் மெக்கானிக்கின் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. 'உங்கள் பதிவில் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது.' திறந்து பார்த்தால் முகவரி பழைய முகவரியாகவே இருக்கும். மூடி வைத்தால் மறுபடி டிங். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டிருந்தபோது அது விடாமல் அடிக்க, அந்த வீட்டம்மா, "ஃபிரிட்ஜ் மறுபடி ஓட ஆரம்பிச்சிடுச்சா?" என்று ஆசையாகக் கேட்டார்.

வேன் மட்டும் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரைவரை ஒருநாள் மெக்கானிக் வழிமறித்தார்.

"ஏம்பா, கண்ணெதிரே ஆள் உக்காந்திருக்காங்க. ஏத்திக்கிட்டுப் போனா என்ன?"

"ஏத்தலாம்ணே. எதைக் காட்டி ஏத்துறது?" என்றார் டிரைவர். ஒவ்வொரு நோயாளி வீட்டுக் கதவிலும் வாரியம் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருக்கும். டிரைவர் தன் போனை அதன் முன் காட்ட வேண்டும். பீப் என்று சத்தம் வந்தால்தான் நோயாளி ஏறியதாகக் கணக்கு. பீப் ஆனவர் பெயர்தான் ஆஸ்பத்திரிப் பட்டியலுக்குப் போகும். "உங்க கதவுதான் இப்ப இல்லையே. புது ஸ்டிக்கர் வேணும்னா முகவரி மாறணும். முகவரி மாறலை. நான் என்னண்ணே பண்ணட்டும்? பழைய கதவையாவது எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?"

வெட்கத்தை விட்டுச் சொன்னால், மெக்கானிக் அந்தக் கதவையும் தேடிப் போனார். பழைய மரம் விற்கிற கடையில் அது இருந்தது. நன்றாக இழைத்துப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள்.

வாடகை வண்டி பிடித்து மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். அங்கே வரிசையாகப் படுக்கைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். மாமியார் வழக்கமாகப் படுக்கிற படுக்கை காலியாக இருந்தது. அதற்கு அடுத்ததும் காலி.

"சிஸ்டர், இதோ கூட்டிட்டு வந்துட்டேன்," என்றார் மெக்கானிக்.

நர்ஸ் பட்டியலைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். இரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம்தான். "இவங்க வரலைன்னு போட்டிருக்கே."

"இதோ நிக்கறாங்களே!"

"நிக்கறாங்க. எனக்கும் தெரியுது. பட்டியல்ல வரலை. பீப் ஆகாத பேருக்கு இந்த மெஷின் திறக்காது. வாரியம் அப்படித்தான் பூட்டி வெச்சிருக்கு."

"படுக்கை சும்மாதானே கிடக்கு?"

"சும்மா இல்லைங்க. இவங்களுக்காக ஒதுக்கி வெச்சிருக்கு." நர்ஸின் குரல் இறங்கியது. "என் வாயைக் கிளறாதீங்க. சாயங்காலம் வாரியத்துக் கணினியை மூடின பிறகு மெஷின் கொஞ்ச நேரம் தானா திறக்கும். அதுவரைக்கும் உக்காத்தி வைங்க. பாதி நேரமாவது ஓட்டிவிடறேன்."

மாமியார் தனக்கென்று ஒதுக்கிய காலிப் படுக்கையைப் பார்த்தபடி சாயங்காலம் வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்த முறையும் அப்படியே. பாதிச் சுத்தம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கால் உருண்டு திரண்டு செருப்பு நுழையவில்லை. ராத்திரி சுவரில் சாய்ந்துகொண்டுதான் தூக்கம்.

"இதுக்கு மேல பொறுத்தா நான் மனுஷனே இல்ல," என்று மெக்கானிக் வாரிய அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகம் பளிங்கு போட்டுக் குளிரூட்டிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் டிங் டிங் டிங் என்று ஒரே மணிச் சத்தம். ஒரு பெரிய கூடத்தில் முப்பத்தாறு பேர் கணினி முன்னால் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் எதையோ அழுத்தித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. ஒரு பெண் ஊழியர் கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவர் விரலையும் நீவிவிட்டுக்கொண்டு போனார். வேலை என்றால் இப்படியல்லவா செய்ய வேண்டும் என்று மெக்கானிக்குக்குக்கூட ஒரு கணம் மரியாதை வந்துவிட்டது.

அறிவிப்புப் பிரிவின் அதிகாரியம்மாள் விரலில் ரப்பர் உறை மாட்டியிருந்தார். மெக்கானிக் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க மாமியார் வீடு மாறினது எனக்கு நல்லா தெரியுமே," என்றார். "இங்க எல்லாருக்கும் தெரியும். முதல் மணி அடிச்சதே எனக்குத்தான்."

"அப்ப ஏன் மேடம் மாத்தலை?"

"மாற்றம் அமலுக்கு வரணும்னா ஒரு முறை இருக்கு. உங்க பதிவுல எது மாறினாலும் எங்க முப்பத்தாறு பேருக்கும் மணி அடிக்கும். ஒவ்வொருத்தரும் 'தெரிந்துகொண்டேன்'னு இந்தப் பொத்தானை அழுத்தணும். ஒருத்தர்கூட பாக்கி இல்லாம எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டா, மாற்றம் தானா நடந்துடும்."

"யாரு பாக்கி? காட்டுங்க, கால்ல விழுந்தாவது அழுத்தச் சொல்றேன்."

"யாரும் சோம்பேறி இல்லை சார். தினமும் அழுத்தறோம். இங்க பாருங்க விரலை." உறையைக் கழற்றிக் காட்டினார். "நான் அழுத்தினா, நான் தெரிஞ்சுக்கிட்டேன்கிறது உங்க மாமியார் பதிவுல ஏறும் இல்லையா? அது ஒரு மாற்றம்தானே? அது மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா? மணி அடிக்கும். அவங்க அழுத்துவாங்க. அவங்க தெரிஞ்சுக்கிட்டது எனக்குத் தெரிய வேண்டாமா?"

மெக்கானிக் தொழில் தெரிந்தவர். ஒரு கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் அது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை என்பது அவருக்குத் தெரியும். விஷயம் மெதுவாக மண்டையில் இறங்கியது.

"இது முடியவே முடியாதே மேடம்."

"ஏன் சார் முடியணும்? இந்த முறை வர்றதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை மணி அடிச்சா பெரிசு. தூங்கி வழிஞ்சோம். இப்ப பாருங்க! மக்கள் எவ்வளவு ஆர்வமா தங்களோட தகவலை மாத்தறாங்க!"

"மேடம், ஃபிரிட்ஜ் ஓடலைன்னு ஒருத்தர் எனக்குப் போன் பண்றாரு. 'தெரிஞ்சுக்கிட்டேன்'னு சொல்லிட்டு நான் படுத்துக்கிட்டா, அவர் வீட்டுப் பால் என்ன ஆகும்?"

அதிகாரியம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க தனியாள். தெரிஞ்சா நீங்களே போய்ச் செய்யணும். பாவம். இது ஒரு நிறுவனம் சார். தெரிஞ்சுக்கறதுக்கே முப்பத்தாறு பேர் தேவைப்படுது. செய்யறதுக்கு ஆள் எங்க இருக்கு?"

பேசி முடிப்பதற்குள் ஒரு மணி அடித்தது. 'விரல் ஓய்வு நேரம்' என்று யாரோ அறிவிக்க, முப்பத்தாறு பேரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தேநீருக்குக் கிளம்பினார்கள். மெக்கானிக்கின் வாயில் கசப்பு ஊறியது. துப்ப இடம் தேடினார். எங்கும் பளிங்காக இருந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் காக்கிச் சட்டையை நன்றாகத் துவைத்துப் போட்டிருந்த ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பென்ஷன் வாங்கி எத்தனையோ வருஷமாகியும் சட்டையை மட்டும் விடவில்லை.

"முகவரியா, தம்பி?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க. உங்களுக்கு?"

"என் சம்சாரம் தவறிட்டா. அதைத்தான் படிவத்துல போட்டேன். 'நன்றி, அனைவருக்கும் தெரிவிக்கப்பட்டது'ன்னு வந்துச்சு. அறுவடைக்கு முந்தி போட்டது. இப்ப மறுபடி விதைச்சாச்சு." கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வாரம் மூணு நாள் வேன் வருது. ஹாரன் அடிக்குது. ஒவ்வொரு தடவையும் நான் வாசலுக்கு வந்து 'அவ இல்லப்பா'ன்னு சொல்றேன். அவன் வரலைன்னு போட்டுக்கிட்டுப் போறான். ஹாரன் சத்தம் கேட்டா ஒரு கணம் எழுந்து அவ பையை எடுக்கப் போயிடறேன் தம்பி. அதை நிறுத்துங்கன்னுதான் கேட்டு வர்றேன்."

"தொடர்ந்து வரலைன்னா பேரை எடுத்துட மாட்டாங்களா?"

"எடுக்கலாம். பேரை எடுக்கறதும் ஒரு மாற்றம்தானே?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. அப்புறம்தான் மெக்கானிக்குக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த இரண்டாவது காலிப் படுக்கை ஞாபகம் வந்தது. மாமியாருக்குப் பக்கத்துப் படுக்கை.

அவர் அதைக் கண்டக்டரிடம் சொன்னார். கூடத்துக்குள் ஓய்வு முடிந்து மறுபடி டிங் டிங் தொடங்கியது.

"அப்போ உங்க மாமியார்தானா அது? என் சம்சாரம் தினமும் சொல்லுவா, பக்கத்துப் படுக்கைக்காரி வாயைத் திறந்தா மூட மாட்டான்னு," என்றார் கண்டக்டர். "என் வீட்டுக் கதவு அப்படியே இருக்கு. ஸ்டிக்கரும் இருக்கு. தம்பி, நான் கண்டக்டர். காலி சீட்டோட வண்டி போனா எனக்குப் பொறுக்காது. வெளிய ஒருத்தர் நின்னுக்கிட்டிருக்கும்போது உள்ள சீட்டு காலியா போறது பாவம். நாளைக்குக் காலையில அவங்களை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

மெக்கானிக் தயங்கித் தயங்கி வீட்டில் சொன்னார். செத்தவள் பேரில் போகச் சொன்னால் மாமியார் செருப்பை எடுப்பார் என்று எதிர்பார்த்தார். மாமியார் வீங்கின காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் ஏன்னு கேக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அத்தை."

"பக்கத்துப் படுக்கையில கிடந்து என்னைப் பேச விடாம பேசினவ. இருந்திருந்தா, 'எழுந்திரிடி, முதல்ல நீ போ'ன்னு அவளே தள்ளிவிட்டிருப்பா. காலையில போலாம்."

மறுநாள் வேன் கண்டக்டர் வீட்டு முன் நின்று ஹாரன் அடித்தது. கதவு திறந்து மாமியார் வெளியே வந்தார். டிரைவர் அவரைப் பார்த்தார்; கண்டக்டரைப் பார்த்தார்; ஒன்றும் கேட்காமல் ஸ்டிக்கரில் போனைக் காட்டினார். பீப் என்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் செத்துப்போனவரின் பெயரை உரக்க வாசித்தார். "இருக்கேன்," என்றார் மாமியார். நர்ஸ் அலமாரியிலிருந்து மாமியாரின் சொந்தக் குறிப்புகளை எடுத்துப் பார்த்து, சரியான ஊசியைச் சரியான கையில் குத்தி, செத்தவரின் இயந்திரத்தைத் திறந்தார். வெகு நாளைக்குப் பிறகு முழு நேரமும் ரத்தம் சுத்தமானது. அன்று ராத்திரி மாமியார் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். மெக்கானிக் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக விழித்துக் கிடந்தார்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. வாரியத்துக்கு நல்லது செய்யும் ஆசை வந்துவிட்டது.

மணி அடித்ததைக் கணக்குப் பார்த்ததில், ஒரு கோடியாவது அறிவிப்பு நெருங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதற்கு விழா எடுக்க முடிவாயிற்று. விழா என்றால் ஏதாவது திறந்துவைக்க வேண்டுமே! 'தலைவர் பொத்தான்' என்று ஒன்றைச் செய்தார்கள். சிவப்பு நிறம், சாப்பாட்டுத் தட்டு அகலம். வாரியத் தலைவர் அதை அழுத்தினால், ஒரு பதிவில் தேங்கிய அத்தனை அறிவிப்பையும் எல்லாரும் தெரிந்துகொண்டதாக ஆகிவிடும். மாற்றம் அந்தக் கணமே நடந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, விழா அன்று, ஒரே ஒரு பதிவுக்கு.

"சார், இனிப்பான செய்தி!" என்று அதிகாரியம்மாள் கண்டக்டருக்குப் போன் செய்தார். "இருக்கறதுலயே பழைய பாக்கி உங்க சம்சாரம் இறந்ததுதான். தலைவர் தன் கையாலேயே அவங்களை முடிச்சுவைக்கப் போறார்."

கண்டக்டர் செருப்பு மாட்டக்கூட மறந்து மெக்கானிக் வீட்டுக்கு ஓடிவந்தார். மெக்கானிக் அவரையும் இழுத்துக்கொண்டு வாரியத்துக்கு ஓடினார்.

"மேடம், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அந்தப் பொத்தானை என் மாமியார் முகவரிக்கு அழுத்துங்க. இவர் சம்சாரம் அப்புறம் ஆகட்டும்."

"எப்படி சார்? உங்களது இன்னும் இளம் பாக்கி. வரிசைன்னு ஒண்ணு இருக்கே."

"எனக்கு அவசரமே இல்லைங்க," என்றார் கண்டக்டர். "அவ மெதுவா சாகட்டும்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. அழைப்பிதழ்ல உங்க சம்சாரம் பேரு அச்சாயிடுச்சு."

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு பெரிய திரை. அதில் ஓடிக்கொண்டே இருந்த எண் ஒரு கோடிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. கூடத்தில் அழுத்துவதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். கடைசி எண் தலைவர் முன்னிலையில்தான் விழ வேண்டும். முன் வரிசையில் முப்பத்தாறு பேர், விரல்களில் புது உறையோடு. பின் வரிசையில் மெக்கானிக். அவர் பக்கத்தில், தன் சாவைப் பார்க்க வந்தவராக, மாமியார்.

"கூட்டம் பரவாயில்லை," என்றார் மாமியார். "நிஜமா செத்திருந்தாகூட இவ்வளவு பேர் வந்திருக்க மாட்டாங்க."

மெக்கானிக்கால் சிரிக்க முடியவில்லை. பொத்தான் அழுத்தப்பட்டால் மறுபடி மர பெஞ்ச், பாதிச் சுத்தம், சுவரில் சாய்ந்த தூக்கம். அப்புறம் அதுவும் இல்லை. மேடையில் பூங்கொத்தோடு இருந்த தலைவரை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

தலைவர் பேச எழுந்தார்.

"நண்பர்களே! நம் வாரியம் தூங்குகிறது என்று ஒரு காலத்தில் கேலி செய்தார்கள். இன்று நம்மைத் தூங்கவிடாமல் மணி அடிக்கிறது! முன்பெல்லாம் ஒருவர் வீடு மாறினால் நமக்குத் தெரியாது. நோய் முற்றினால் தெரியாது. செத்தால்கூடத் தெரியாது. தெரியாமலேயே ஒன்றும் செய்யாமல் இருந்தோம். அது அறியாமை! இன்று ஒருவர் சாகக் கிடந்தால் முப்பத்தாறு பேருக்குத் தெரிகிறது. எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிறோமே, அது நிர்வாகம்!"

கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தலைவர் கண்டக்டரைத் தோளில் கை போட்டு மேடை நடுவே அழைத்துவந்தார். "இந்தப் பெரியவரின் நெடுநாள் கனவு இன்று நனவாகப் போகிறது. இதோ, இவர் மனைவி இறக்கிறார்!" என்று பொத்தானுக்கு மேல் கையை ஓங்கினார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் கண்டக்டர்.

ஓடுகிற பஸ்ஸை விசிலடித்து நிறுத்திப் பழகிய குரல் அது. தலைவரின் கை அந்தரத்தில் நின்றது.

"என் சம்சாரம் சாகலை சார். தப்பா போட்டுட்டேன்."

அதிகாரியம்மாள் விரைந்து வந்தார். "என்ன சார் சொல்றீங்க? இறப்புச் சான்றிதழ் போட்டிருக்கீங்க!"

"சான்றிதழ்ல ஆயிரம் இருக்கும். அவ வாரம் மூணு நாள் வேன்ல போறா, வர்றா. நீங்களே பாருங்க, உங்க கணக்குலயே பீப் இருக்கு."

அதிகாரியம்மாள் பார்த்தார். இருந்தது. முகம் வெளுத்தாலும் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. "எதுவா இருந்தாலும் வாய்ல சொன்னா செல்லாது. இணையப் படிவத்துலதான் மாத்தணும்."

"அதுக்குத்தானேம்மா போனை எடுத்துட்டு வந்தேன்," என்றார் கண்டக்டர்.

மேடையிலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைத் திறந்தார். மனைவியின் பெயருக்கு எதிரில் 'இறந்துவிட்டார்' என்று தானே முன்பு போட்டிருந்ததைப் பார்த்தார். அன்று அதைப் போட ஒரு பகல் முழுக்க ஆகியிருந்தது அவருக்கு. இப்போது அதை அழித்து, 'உயிருடன் இருக்கிறார்' என்று போட்டார். பின் வரிசையில் மாமியார் முகத்தை மூடிக்கொண்டார்.

அனுப்பினார்.

முப்பத்தாறு போன்களும் ஒன்றாக டிங் என்றன. திரையில் எண்கள் புரண்டு, ஒன்றும் ஏழு பூஜ்யமுமாக நின்றன. காகிதப் பூக்கள் கொட்டின. தலைவர் சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினார். திரையில் எழுத்து வந்தது: 'இப்பதிவில் புதிய மாற்றம் நிலுவையில் உள்ளது. அனைவரும் தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்கவும்.' இன்னொரு முறை குத்தினார். அதே எழுத்து. அதிகாரியம்மாள் அவர் காதில் ஏதோ சொன்னார். பெரிய மனிதர்களுக்குச் சமாளிக்கத் தெரியாமல் போனதுண்டா? தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு கோடியாவது அறிவிப்பு என்ன தெரியுமா? ஓர் உயிர்! மருத்துவர்கள் கைவிட்ட ஒரு பெண்மணியை நம் வாரியம் படிவத்தின் மூலம் உயிர்ப்பித்திருக்கிறது!"

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். முப்பத்தாறு பேரும் தட்டிக்கொண்டே அழுத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் தெரிந்துகொண்டது இன்னொருவருக்குத் தெரிய, அவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரிய, அந்தப் பதிவு இனி இந்த ஜன்மத்தில் மாறாது. மெக்கானிக் வெளியே வந்து, வாரியத்தின் பெயர் பொறித்த கல்லுக்கு அடியில், இத்தனை நாளாக வாயில் வைத்திருந்ததைத் துப்பினார்.

மறுநாள் காலை வேன் கண்டக்டர் வீட்டு முன் நின்று ஹாரன் அடித்தது. உள்ளே மெக்கானிக் மாமியாருக்குச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இப்போது அது காலில் நுழைந்தது. கண்டக்டரின் போனில் வாரியத்தின் செய்தி ஒன்று வந்திருந்தது: 'தங்கள் மனைவி உயிருடன் இருப்பது குறித்து மகிழ்கிறோம். அனைவருக்கும் தெரிவிக்கப்பட்டது.' அவர் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

இத்தனை மாதமாக 'அவ இல்லப்பா' என்று சொல்ல வந்து நின்ற அதே வாசலில் வந்து நின்றார்.

"இதோ வர்றா," என்றார் டிரைவரிடம்.

மனைவியின் பையை எடுத்து மாமியாரிடம் கொடுத்தார். பீப் ஆனது. மாமியார் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மருமகனைக் கிட்டே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், கேட்டுக்கங்க. நான் நிஜமாவே போயிட்டா, தயவுசெஞ்சு இவங்ககிட்ட சொல்லிடாதீங்க. இந்த சீட்டு வேற யாருக்காவது ஆகும்."

மெக்கானிக் சரி என்று தலையாட்டினார். கண்டக்டர் கதவைச் சாத்தி, வேனின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்!"